முக்கால் நிமிட வானம்

வரைபடத்தில் சென்னையையும் திருவனந்தபுரத்தையும் அளவுகோல் வைத்து இணைத்தால், அந்தக் கோடு ஸ்ரீவில்லிபுத்தூரை ஏறக்குறையத் தொட்டுக்கொண்டு போகும். ராஜபாளையம் அதற்குச் சில கிலோமீட்டர் மேற்கே நிற்கும். இரண்டு ஊர்களுக்கும் நடுவே நேர்கோட்டில் பத்து, பதினொரு கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் போகிற விமானத்துக்கு இது முக்கால் நிமிடம். எந்த இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தாலும் பறக்கும் நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்கிற வசதி இன்று கைபேசியிலேயே இருக்கிறது. அது சொல்லும் விடை சரியானதுதான். அந்த முக்கால் நிமிடத்தில் பயணம் செய்ய மட்டும் ஆள் இல்லை.

இரண்டு ஊரிலும் விமான நிலையம் கிடையாது. பக்கத்தில் இருப்பது மதுரை. அங்குள்ள ஓடுபாதை ஏறத்தாழ 2,300 மீட்டர். ராஜபாளையத்திலிருந்து அப்படி ஐந்து ஓடுபாதைகளை வரிசையாகப் போட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிடும். நெடுந்தூர விமானங்கள் பறக்கும் உயரமும் இதே பத்து, பதினொரு கிலோமீட்டர்தான். இரண்டு ஊருக்கு நடுவே படுத்துக்கிடக்கும் தூரத்தை நிமிர்த்தி நிறுத்தினால் அதன் உச்சியில் விமானம் போகும். இது மனதில் பட்ட பிறகு வானத்தின் உயரம் எனக்கு வேறாகிவிட்டது. எட்டாத உயரம் என்று அண்ணாந்து பார்த்ததெல்லாம், டவுன் பஸ்ஸில் அரை மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடுகிற தூரம்.

ராஜபாளையத்துக்காரர் விமானம் ஏறவேண்டுமென்றால் பெரும்பாலும் மதுரைக்குப் போகவேண்டும். அந்த வழியில் முதலில் வருவது ஸ்ரீவில்லிபுத்தூர். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் சிலர் எதிர்த்திசையில் தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலை தாண்டித் திருவனந்தபுரத்துக்குப் போவார்கள். அரை நாளை விழுங்குகிற வழி அது. மேலே அந்த அளவுகோல் கோட்டில் போகிற விமானத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டும்போது இன்னும் ஏறத்தாழ 140 கிலோமீட்டர்தான் பாக்கி. அதற்குள் இறங்கவே தொடங்கியிருக்கும். ஜன்னலோரம் இருப்பவர் குனிந்து பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவும், வரிசையாக மினுங்கும் கண்மாய்களும் தெரியும். எது எந்த ஊர் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. அவர் அந்த முக்கால் நிமிடத்தில் கடந்தது எதை என்பதுதான் நான் சொல்ல விரும்புவது.

தரையில் அது கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டு மடவார்வளாகம் வைத்தியநாதசுவாமி கோயில் பக்கமாக வெளியே வந்தால் வலப்புறம் மலை கூடவே வரும். தென்னந்தோப்பு, மாந்தோப்பு, கண்மாய்க்கரை, மில் சுவர். மலையடிவாரத்தை ஒட்டி மம்சாபுரம். சஞ்சீவி மலை தெரிந்துவிட்டால் ராஜபாளையம் வந்தாயிற்று. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மலையின் மேல் கருத்த மேகம் கூடி நிற்கும். கேரளத்தில் கொட்டும் மழையின் வாசனை மட்டும் இந்தப் பக்கம் வரும். ஐப்பசி பிறந்தால்தான் கண்மாய்களுக்குத் தண்ணீர்.

தண்டவாளமும் உண்டு. விருதுநகர் – தென்காசி ரயில் பாதை 1927இல் திறக்கப்பட்டது. முக்கால் நூற்றாண்டு அது மீட்டர் கேஜ்; இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அகலப்பாதை ஆனது. இரண்டு நிலையங்களுக்கு நடுவே ரயிலுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். செங்கோட்டையிலிருந்து சென்னைக்குப் போகும் பொதிகையில் ராஜபாளையத்தில் ஏறுகிறவர், பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளி, செருப்பைச் சரிசெய்து நிமிர்வதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிடும். அங்கே நடைமேடையில் உறவினர் ஒருவர் பால்கோவாப் பொட்டலத்தோடு நிற்பதும், ஜன்னல் கம்பி வழியே அது கைமாறுவதும் இந்தப் பாதையின் வழக்கங்களில் ஒன்று. 2019இல் அந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சென்னைக்குப் போய்ச் சேரும்போது அது ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய பண்டம். ராஜபாளையத்துக்குப் போனால் வெறும் பால்கோவா. பக்கத்து ஊரிலிருந்து வாங்கிவந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பதினொரு கிலோமீட்டரை யாரும் பயணமாக நினைப்பதில்லை. “இந்தா, வில்லிபுத்தூர் வரைக்கும் போயிட்டு வந்துர்றேன் மதினி” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். அடுப்பில் உலை கொதிக்கிற வீட்டிலிருந்து பக்கத்துத் தெருவுக்குக் கிளம்புகிற குரல் அது. போகிற காரியங்கள் மட்டும் சிறியவை அல்ல. மாவட்டத் தலைநகரம் விருதுநகர் என்றாலும் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்தில் ஒரு சுவர்த் தகராறு, ஒரு பாகப்பிரிவினை, ஒரு கொலை – மேல்முறையீட்டுக்கோ பெரிய விசாரணைக்கோ எல்லாம் இங்கேதான் வந்தாகவேண்டும். வாய்தாவுக்கு வாய்தா இந்த பஸ்ஸில் போய்வந்து தலை நரைத்தவர்களுக்கு இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள தூரம் எத்தனை ஆண்டு என்று கேட்டால்தான் சரியான விடை கிடைக்கும். எதிர்த்திசையில் மில் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஜவுளிக்கும் போகிறவர்கள் காலையிலேயே நிற்பார்கள். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி எங்கெங்கோ உள்ள மருத்துவமனைகளுக்குப் போகிறது.

வேகம்தான் தூரத்தைக் குறைக்கும் என்று நாம் நம்பிவந்திருக்கிறோம். மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை, இருவழி போய் நான்குவழி. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரைக்குமான நான்குவழிச் சாலைத் திட்டமும் ஊர்களுக்குள் நுழையாமல் ஒதுங்கிப் போகும்படியே வகுக்கப்பட்டது. ஆனால் இந்தப் பதினொரு கிலோமீட்டரை என் காலத்தில் உண்மையாகவே குறைத்தது 2021 மே மாதம் வந்த ஒரு அரசாணை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. பஸ்ஸின் வேகம் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. அதே வண்டி, அதே நிறுத்தங்கள், அதே புழுக்கம். பூ விற்கிற பெண்ணுக்கும், வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கும், தாய் வீட்டில் அம்மாவுக்கு மேலுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்ட மகளுக்கும் ஊர் கிட்டே வந்துவிட்டது. கையில் இருக்கிற காசை எண்ணிப் பார்த்து, அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட பயணங்கள் அன்றன்றைக்கே நடக்கத் தொடங்கின. தூரம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு பங்கு சில்லறைக்காசு என்பதைப் பெண்கள் எப்போதும் அறிந்திருந்தார்கள். பொறியியலாளர்கள் செய்த எதையும்விட இது பெரிய வேலை என்று நான் நினைக்கிறேன்.

இவ்வளவு அருகில் இருந்தும் இவை ஒரே ஊராகிவிடவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. சென்னையில் பதினொரு கிலோமீட்டருக்குள் பழைய கிராமங்கள் எத்தனையோ தங்கள் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கரைந்துபோயின. இங்கே இரண்டு நகராட்சி, இரண்டு வட்டம், இரண்டு நிலையம், இரண்டு குணம். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த ஊர். வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் 190 அடிக்கு மேல் நிற்கிறது. தமிழக அரசின் முத்திரையில் இருப்பது அதுதான் என்பது ஊரின் பெருமை, மதுரை மேற்குக் கோபுரம் என்பாரும் உண்டு. ராஜபாளையம் விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெற்கே இறங்கிவந்த தெலுங்கு பேசும் ராஜுக்கள் அமைத்த ஊர். பின்னாளில் பருத்தியும் நூலும் அதை வளர்த்தன, பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்லை நிறுவினார். அங்கே விடியலைச் சொன்னது கோயில் மணி. இங்கே மில் சங்கு.

ராஜபாளையம் பூ.ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் ஆட்சித் தலைமையில் இருந்தவர். குடியரசு ஆன பிறகு முதலமைச்சர் என்று அழைக்கப்பட்டார். முதல் பொதுத்தேர்தலில் அவர் நின்ற தொகுதி ஸ்ரீவில்லிபுத்தூர். தோற்றார். பதினொரு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊரின் பெயரைத் தாங்கிய தொகுதியில் ஒரு முதலமைச்சர் தோற்பது சாதாரணச் செய்தியல்ல. பிறகு ஒரிசாவின் ஆளுநராகப் போனார். தன் வீட்டைக் காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்தவர் என்று ராஜபாளையம் அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறது. நினைக்கத்தான் வேண்டும்.

மலைக்கு இந்தப் பிரிவினை தெரியாது. செண்பகத்தோப்பிலிருந்து அய்யனார் கோயில் அருவி வரை ஒரே காடு. அந்தக் காட்டில் சாம்பல் நிற மலை அணில் இருக்கிறது. மரத்துக்கு மரம் தாவிப் போகும், தரைக்கு இறங்குவது அரிது. அதற்காகவே 1988இல் சரணாலயம் அமைந்தது. 2021இல் மேகமலையும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. கிளையும் கிளையும் கோத்துக்கொண்டிருக்கும் வரைதான் அந்த அணிலுக்கு வழி. நடுவே ஒரு சாலை அளவு வெட்டவெளி விழுந்தாலும் அதற்கு ஊர் தூரமாகிவிடும். ராஜபாளையத்துக்குக் குடிதண்ணீர் வருகிற மலையடிவாரத் தேக்கத்தை ஆறாவது மைல் என்றே அழைக்கிறார்கள். மைல் கணக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியும் தண்ணீர் இருக்கிற இடத்துக்கு அந்தத் தூரமே பெயர்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை வரை ஒரு பழைய கதை இருக்கிறது. திருமலை நாயக்கர் ஆண்டாள் கோயிலில் பூஜை முடிந்தது தெரிந்த பிறகுதான் மதுரையில் சாப்பிட உட்காருவாராம். அதற்காக வழி நெடுக மணி மண்டபங்கள் கட்டி, ஒரு மண்டபத்து மணி கேட்டதும் அடுத்த மண்டபத்தில் அடிக்க, அது கேட்டு அதற்கடுத்ததில் அடிக்க, ஓசை மதுரைக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சொல்வார்கள். கட்டபொம்மனுக்கும் திருச்செந்தூருக்கும் இதே கதை உண்டு. எனக்கு இது வரலாறா என்பதைவிட, இதில் ஒளிந்திருக்கும் கணக்கு பிடித்திருக்கிறது. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். மதுரைக்கு நேர்கோட்டில் அறுபது கிலோமீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம் சொச்சம். ஒவ்வொரு மண்டபத்திலும் ஒரு மனிதர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அவர் கேட்டு, கயிற்றை இழுக்கும் கணங்களையும் கூட்டவேண்டும். அந்தத் தாமதம்தான் அந்தக் கதையின் உயிர். யாரோ ஒருவர் தூங்கிவிட்டால் அரசருக்குச் சோறு இல்லை. இந்த மண்டபங்கள் எல்லாம் வடகிழக்கே மதுரையை நோக்கிப் போனவை. தென்மேற்கே ராஜபாளையத்துக்கு ஒரு மண்டபமும் இல்லை. மதுரையில் அரசர் பசியோடு கேட்டுக்கொண்டிருந்த மணி பக்கத்து ஊருக்குக் கேட்கவேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

மாலையும் அப்படித்தான் தொலைதூரம் போகிறது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை சித்திரையில் மதுரைக்குப் போய்க் கள்ளழகர் தோளில் ஏறும். அதைச் சூடிக்கொண்டுதான் அவர் வைகையில் இறங்குவார். புரட்டாசியில் திருப்பதிக்குப் போய்க் கருட சேவையன்று வேங்கடவனுக்குச் சாற்றப்படும். ஆண்டாளின் கையிலிருக்கும் கிளியும் சில சமயம் மாலையோடு போகும். அந்தக் கிளி மரவள்ளி இலையால் உடலும் மாதுளம்பூவால் அலகுமாக அன்றாடம் புதிதாகக் கட்டப்படுவது. இலையும் பூவும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் இந்தப் பயணத்தின் எல்லை. முன்பு வண்டி கட்டிப் போன நாளில் எப்படி வாடாமல் கொண்டுபோனார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டால், வாடினாலும் ஆண்டாள் சூடியதுதானே என்பார்கள். அந்தப் பதிலை நான் மதிக்கிறேன்.

இப்படி மணியும் மாலையும் எங்கெங்கோ போய்க்கொண்டிருக்க, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒன்று வெளியிலிருந்து வந்தது. 1509இல் விஜயநகர அரியணை ஏறிய கிருஷ்ணதேவராயர், கலிங்கப் படையெடுப்பின்போது கிருஷ்ணா நதிக்கரையில் உள்ள ஸ்ரீகாகுளத்தில் ஆந்திர விஷ்ணுவின் கோயிலில் தங்கினார். கனவில் பெருமாள் வந்து, ஆண்டாளை மணந்த கதையைத் தெலுங்கில் பாடு என்று சொன்னதாக அவரே எழுதுகிறார். அதுதான் ‘ஆமுக்தமால்யதா’. காவியத்தின் தொடக்கத்தில் வில்லிபுத்தூர் விரிகிறது: அதன் மாடங்கள், பெண்கள், தோட்டங்கள், வயல்கள். ஒரு காட்சியை என்னால் மறக்க முடியாது. விடியற்காலையில் வயல் வாய்க்கால் ஓரம் வாத்துகள் கழுத்தைச் சிறகுக்குள் செருகித் தூங்குகின்றன. நீராடிவிட்டுப் போன அந்தணர்கள் பிழிந்து மறந்து வைத்த ஈரத் துணிகள் என்று எண்ணிக் காவலர்கள் எடுத்துக்கொடுக்கலாம் என்று வாய்க்காலில் இறங்குகிறார்கள். துணிகள் எழுந்து ஓடிவிடுகின்றன. நெல் வயலைக் காக்கும் பெண்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். துங்கபத்திரைக் கரையின் அரசர் ஒருவர் இந்த ஊரின் வாய்க்காலை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

அந்தக் காவியம் எழுதப்பட்டது தெலுங்கில். யாரைப் பற்றியதோ அவளுடைய ஊரில் வழங்கிய மொழி தமிழ். அதே விஜயநகர ஆட்சி திறந்துவிட்ட பாதையில்தான் தெலுங்கு பேசும் ராஜுக்களும் தெற்கே வந்து மலையடிவாரத்தில் குடியமர்ந்தார்கள். ஆக நூலும் அந்த மொழியை வீட்டில் பேசும் மக்களும் பதினொரு கிலோமீட்டர் இடைவெளியில் வந்து நின்றாயிற்று. ஆண்டாள் கோயிலுக்கு வண்டி கட்டி வந்தார்கள், ஆடிப்பூரத் தேர் பார்த்தார்கள், கல்யாணம் முடித்துப் பொண்ணு மாப்பிள்ளையைக் கூட்டிவந்து கும்பிட்டார்கள். வில்லிபுத்தூரைப் பற்றிய அந்தப் பெரும் தெலுங்குப் புத்தகம் வில்லிபுத்தூர்க்காரர் வாசிக்கும் மொழிக்கு வரவேயில்லை. ஒரு நூற்றாண்டு இரண்டு நூற்றாண்டு அல்ல. நானூறு ஆண்டுகளுக்கு மேல்.

ராஜபாளையத்தில் 1933இல் பிறந்த மு.கு. ஜகந்நாத ராஜா அதைத் தமிழில் மொழிபெயர்த்தார். தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம், பிராகிருதம், பாலி என்று மொழிகளைத் தாமே தேடிக் கற்றவர். பிராகிருதக் காதல் கவிதைகளான ‘காதா சப்தசதி’யைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. பல்கலைக்கழக நாற்காலி எதுவும் இல்லாமல், மலையடிவாரத்து மில் ஊரில் உட்கார்ந்து இவ்வளவையும் செய்தார். ‘ஆமுக்தமால்யதா’ தெலுங்குக் காவியங்களிலேயே கடினமானவற்றில் ஒன்று. சமஸ்கிருதச் சொற்கோவையும் தெலுங்கின் சொந்தச் சொற்களும் ஒரே அடியில் மோதும். தெலுங்கு அறிஞர்களே உரை வைத்துக்கொண்டு படிப்பது. அந்த மொழிபெயர்ப்புக்கு 1989இல் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. 2008இல் அவர் மறைந்தார்.

அவர் பெயரை இரண்டு ஊரிலும் இன்னும் சத்தமாகச் சொல்லவேண்டும். கோயில் வாசலில் விற்கிற புத்தகங்களுக்கு நடுவே அந்த மொழிபெயர்ப்பும் இருக்கவேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்குத் தன் ஊர் வாய்க்காலில் வாத்துகள் ஓடிய கதையை யாராவது தமிழில் வாசித்துக் காட்டவேண்டும். ராஜபாளையத்திலிருந்து ஒருவர் அந்தப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால், டவுன் பஸ்ஸில் அரை மணி நேரத்துக்குள் பள்ளிக்கூட வாசலில் இறங்கிவிடலாம்.